முந்திரி மரத்தடி மெக்கானிக்

காலை ஷிப்டு முடிந்து வந்த வேலுமணி, வீட்டுக்குக்கூடப் போகாமல், பஜார் மெக்கானிக் ஷெட்டின் முன்னால் கவிழ்த்துப் போட்டிருந்த ஆயில் டின்மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஹெல்மெட், காலில் கம்பெனி பூட்ஸ், முழங்கால்வரை பழுப்பு நிலக்கரித் தூசி. எதிரே அவனுடைய லாம்பிரட்டா இரண்டு பக்க மூடியும் கழற்றப்பட்டுத் தோலுரித்த கோழி மாதிரி நின்றது. அதன் உள்ளுறுப்புகள் ஒரு எனாமல் தட்டில் பெட்ரோலில் ஊறிக்கொண்டிருந்தன. கழற்றிப் போட்ட மெக்கானிக் டீ குடிக்கப் போனவர், போனவர்தான்.

திரும்பி வந்தவர் வண்டியைப் பார்க்கவில்லை. வேலுமணியின் பூட்ஸைப் பார்த்தார்.

"எந்த பிளாக் சார்?"

வேலுமணி சொன்னான். மெக்கானிக் மனசுக்குள் தொகையைக் கூட்டிக்கொள்வது முகத்திலேயே தெரிந்தது. இந்த டவுன்ஷிப்பில் ரிப்பேர்க் கூலியை எஞ்சினைப் பார்த்துச் சொல்கிற வழக்கம் இல்லை. குடியிருக்கிற பிளாக்கைக் கேட்டுத்தான் சொல்வார்கள். ஆபீசர் குவார்ட்டர்ஸ் என்றால் ஒரு ரேட்டு. தொழிலாளி குவார்ட்டர்ஸ் என்றால் ஒரு ரேட்டு. காண்ட்ராக்ட் ஆளிடம் சைக்கிளைத் தவிர வேறு வண்டி இருக்காது என்பதால் அவனுக்கு ரேட்டே கிடையாது. போனஸ் மாதத்தில் எல்லா ரேட்டும் தானாக ஏறிக்கொள்ளும். போனஸ் எத்தனை சதவீதம் என்பது யூனியன்காரனுக்கு முன்னால் மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும்.

"காயில் போயிடுச்சு சார். கிளட்ச் பிளேட்டும் தேஞ்சு கெடக்கு. அப்பிடியே கார்புரேட்டரையும் மாத்திட்டா நல்லது."

"போன மாசந்தானுங்க கார்புரேட்டர் மாத்துனீங்க?"

"அது போன மாசம் சார்."

சுரங்கத்தில் மைல் கணக்கில் ஓடுகிற கன்வேயர் பெல்ட் கிழிந்தால், கிழிந்த இடத்தை வெட்டியெறிந்துவிட்டுச் சூடு காட்டி ஒட்டுவது வேலுமணியின் வேலை. அதில் அவனை யாரும் ஏமாற்ற முடியாது. ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்பது மட்டும் அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தெரியாதவன் தலையில் மிளகாய் அரைப்பது சுலபம். பஜாரில் ஒருவன், மந்தாரக்குப்பத்தில் ஒருவன், வடலூரில் ஒருவன் என்று மூன்று பேர் மாற்றி மாற்றி அரைத்திருந்தார்கள்.

வண்டியை விற்றுத் தலைமுழுகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பெல்ட் அறுந்துவிட்டால் ஷிப்டு பஸ் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆள் அனுப்பிய உடனே சுரங்கத்தில் நிற்கவேண்டும். அதனால் சொந்த வண்டி வைத்திருப்பவனைத்தான் பிரேக்டவுன் கேங்கில் போடுவார்கள். ஓவர்டைம் அங்கேதான். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவன், அந்தக் கேங்கில் சேர்வதற்காகவே ஓய்வுபெற்றுப் போன ஒரு ஆபீசரிடம் இந்த லாம்பிரட்டாவை வாங்கினான்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை மதியம் பெல்ட் அறுந்துவிட்டதென்று ஆள் வந்தது. சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழுந்து ஓடினான். பாதி வழியில், மூன்று நாளைக்கு முன்புதான் பஜாரில் ரிப்பேர் பார்த்த வண்டி உயிரைவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது அவனுக்காக ஒரு சுரங்கமே நின்றுகொண்டிருந்தது. மறுநாள் கையில் மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தவறு நடந்தால் சஸ்பெண்டு என்று ஃபோர்மேன் வாயாலும் சொன்னார்.

"ஏனுங்க, அந்த வண்டிக்குச் செஞ்ச செலவுக்கு ரெண்டு எருமை வாங்கிக் கட்டியிருக்கலாம்" என்றாள் தமயந்தி. "அதாச்சும் பால் கறக்கும். இது நம்மளயில்ல கறக்குது."

வேலுமணிக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். குவார்ட்டர்ஸ் போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். தூக்கத்தில்கூட வண்டி நின்றுபோவதாகவே கனவு வந்தது.

அதே கேங்கில் வேலைபார்த்த பழனிவேல்தான் வழிகாட்டினான். "கடைசி பிளாக்கத் தாண்டி, கம்மாபுரம் ரோட்டுல ஒரு முந்திரி மரம் நிக்கும். அதுக்கடியில தனகோடின்னு ஒரு ஆளு. போர்டெல்லாம் இருக்காது. நான் சொன்னேன்னு போ."

போர்டு மட்டுமல்ல, சுவரும் இல்லை. முந்திரி மரத்தின் தாழ்ந்த கிளைகளிலிருந்து நான்கு கழிகளுக்கு இழுத்துக் கட்டிய ஒரு தார்ப்பாய். அதற்குக் கீழே ஒரு மரப்பெட்டி, ஒரு காற்றுப் பம்பு. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் சாக்கை விரித்துத் தரையில் படுத்து, ஒரு புல்லட்டின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் கல் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தவர் பூட்ஸைப் பார்க்கவில்லை, பிளாக்கைக் கேட்கவில்லை.

"என்னா பண்ணுது வண்டி?"

வேலுமணி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். அவர் ஒரு உதை உதைத்தார், காதைச் சாய்த்துக் கேட்டார், பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். அடுத்த உதையில் வண்டி கிளம்பிவிட்டது.

"எவ்வளவுங்க?"

"தொடச்சி மாட்டனதுக்கு என்னாத்த சார் வாங்கறது? டீக்குக் குடுத்துட்டுப் போங்க." சொல்லிவிட்டுச் சற்றுத் தயங்கினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. இதுல இருக்கறது வண்டியோட வந்த காயிலு இல்ல. நல்லதக் கழட்டிக்கினு எவனோ பழச மாட்டி வுட்டிருக்கான்."

வேலுமணிக்கு ரத்தம் கொதித்தது. காசு கொடுத்து, கைகட்டி உட்கார்ந்து, தன் வண்டியின் நல்ல சாமானையே திருடக் கொடுத்திருக்கிறோம்!

"இங்க மாத்தனா பழசு ஒங்க கைக்கு வந்துடும் சார்" என்றார் தனகோடி. "வர்லன்னா மாத்தலன்னு அர்த்தம்."

சொன்னபடியே செய்தார். அடுத்த மாதம் கிளட்ச் கேபிள் மாற்றியபோது அறுந்ததைத் தினத்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். கார்புரேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, தொடவேண்டாம் என்றார். மெக்கானிக் ஒருவர் ஒரு சாமானை மாற்றவேண்டாம் என்று சொல்லி வேலுமணி கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை வீட்டில் போய்ச் சொன்னபோது, தமயந்தி "கோயில் கட்டிக் கும்பிடுங்க" என்று கேலி பண்ணினாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவளே ஒரு தூக்குவாளியில் அரிசிம்பருப்புச் சாதம் கொடுத்தனுப்பினாள்.

வேலை இல்லாத நாளிலும் வேலுமணி முந்திரி மரத்தடிக்குப் போக ஆரம்பித்தான். அவரை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

"உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க அண்ணா?"

"ஊரா?" தனகோடி சுரங்கப் பக்கம் ஸ்பேனரை நீட்டினார். "ஒங்க பெல்ட்டு ஓடுதே, அதுக்கு அடியில இருக்குது. எங்க வூடு, கெணறு, கொல்லை எல்லாம். நெலத்த எடுத்துக்கினு வூட்டுக்கு ஒரு வேலன்னாங்க, எங்கண்ணன் போயிட்டாரு. நான் பண்ருட்டி லாரி ஷெட்டுல தொழிலு கத்துக்கினேன்." அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட வேலுமணியால்தான் உடனே சிரிக்க முடியவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் மேலே ஒழுகியது, தரை கீழே ஊறியது. தனகோடி நனைந்த சாக்கில் மல்லாந்து படுத்துத்தான் வேலை பார்த்தார். எழுந்திருக்கும்போது வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"வூட்டுல வந்து இடுப்பப் புடிச்சிக்கினு மொனவறாருங்க" என்றாள் அவர் மனைவி அமிர்தம். "தரையில ஈரம் ஏறுதுன்னா கேக்கறதில்ல."

வேலுமணிக்கு உடனே தோன்றியது பெல்ட்தான். கிழிந்த இடத்தை வெட்டியெடுக்கும்போது மிஞ்சுகிற துண்டுகள் சுரங்கத்தில் மலையாகக் கிடக்கும். கட்டை விரல் பருமனுக்கு ரப்பர். தண்ணீரும் ஏறாது, குளிரும் ஏறாது. டவுன்ஷிப்பில் குளியலறை வாசலில் பெல்ட் துண்டு போடாத வீடு கிடையாது. மாட்டுக் கொட்டகையில் பெல்ட், ஸ்கூட்டர் மட்கார்டில் பெல்ட், ஆபீசர் வீட்டுக் கார் ஷெட்டில் நல்ல நீளமாகப் பெல்ட். வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் கொண்டுபோவார்கள் என்பது வழக்கம்.

ஆள் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டிச் சுருட்டி ஸ்கூட்டரின் கால் பலகையில் வைத்துக்கொண்டு வந்தான். கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்காரர், "பாத்ரூமுக்கா சார்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுக் கம்பியைத் தூக்கினார்.

தனகோடி அதைத் தொடவில்லை.

"கம்பெனி சாமானு சார். வேணாம்."

"குப்பையில கெடக்கறதுங்கண்ணா. எங்கூட்டுலயே மூணு கெடக்குது, யாரு கேட்டா?"

"ஒங்கள யாரும் கேக்க மாட்டாங்க சார். எங்களக் கேப்பாங்க."

"கேட்டா நான் சொல்லிக்கறேன். நாந்தான் குடுத்தேன்னு சொல்லுங்க. அவ்வளவுதானே?" வேலுமணி அவரைக் கேட்காமலே சாக்கை உதறி எறிந்துவிட்டுப் பெல்ட்டை விரித்தான். அவனுக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது. முதலாளி மாதிரி ஒருவருக்கு ஏதோ கொடுக்கிறோம் என்கிற பெருமை. தனகோடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் படுத்தார். அமிர்தம்தான், "நல்லா இருப்பீங்க சார்" என்றாள்.

கார்த்திகையில் சுரங்கத்திலிருந்து தாமிரக் கேபிள் காணாமல் போனது. ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்து. உள்ளே இருப்பவர்கள் துணையில்லாமல் அத்தனை கனமான கேபிள் வெளியே போகாது என்று எல்லோரும் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஆனால் சோதனை டவுன்ஷிப்புக்குள் நடக்கவில்லை. வேலிக்கு வெளியே இருந்த குடிசைகளில் நடந்தது.

அன்று வேலுமணிக்கு மதிய ஷிப்டு. யூனிஃபார்மோடு முன்னதாகவே கிளம்பி, பின்பக்க பிரேக் பிடிக்கவில்லை என்று முந்திரி மரத்தடிக்கு வந்திருந்தான். பழனிவேலும் இன்னும் இரண்டு பேரும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். தனகோடி சக்கரத்தைக் கழற்றிப் புது பிரேக் ஷூ போட்டுத் திரும்ப மாட்டிவிட்டு, பிரேக் கேபிளைக் கையில் எடுத்தபோது செக்யூரிட்டி ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். கூட வந்த இரண்டு பேர் மரப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஸ்பேனர்களும் நட்டுகளும் சேற்றில் சிதறின. தாமிரக் கேபிள் இல்லை. இன்ஸ்பெக்டர் தடியால் தரையைத் தட்டினார்.

"இது என்னாடா?"

"பெல்ட்டுங்க."

"பெல்ட்டுன்னு எனக்குத் தெரியாது? எங்கேர்ந்து திருடின?"

"திருடலீங்க. குடுத்தாங்க."

"யாரு குடுத்தா?"

தனகோடி வேலுமணியைப் பார்த்தார். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கொடுத்த வாக்கு வரட்டும் என்று காத்திருக்கிற பார்வை. வேலுமணி குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

அடுப்படியில் இருந்த அமிர்தத்தால் பொறுக்க முடியவில்லை. "இவருதாங்க குடுத்தாரு! நாங்க வேணான்னுதான் சொன்னோம். சார், சொல்லுங்க சார். கேட்டா நான் சொல்றேன்னீங்களே!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். யூனிஃபார்மைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"நீங்களா சார் குடுத்தீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் சஸ்பெண்டு ஆர்டர், காலி செய்யவேண்டிய குவார்ட்டர்ஸ், டிரங்குப் பெட்டியோடு ஊர் பஸ் ஏறுகிற தமயந்தி, பிள்ளைகள். பழனிவேலைப் பார்த்தான். பழனிவேல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக் குளியலறை வாசலில் கிடந்ததும் பெல்ட்தான்.

"நான் பிரேக் போட வந்தேனுங்க" என்றான் வேலுமணி. "எனக்கு இதப்பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க."

சொன்னது தன் குரல் மாதிரியே இல்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது.

"அட படுபாவி!" அமிர்தம் வயிற்றில் அடித்துக்கொண்டாள். "பொய் சொன்ன வாயி அழுவிப் போவும்யா! நீதான விரிச்ச? இந்தக் கையாலதான விரிச்ச?"

"வுடு அமிர்தம்" என்றார் தனகோடி.

"கேக்கறாருல்ல, நீயாச்சும் சொல்லேன்!"

"சொல்றவங்க சொல்லணும். நான் சொல்லி என்னா ஆவப்போவுது?"

இன்ஸ்பெக்டருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "பெர்மனண்ட் ஆளு மேலயே பழி போடறியா? பெல்ட்ட எடுத்தவன் கேபிள எடுத்திருக்க மாட்டானா? ஸ்டேஷன்ல கேக்கற விதத்துல கேட்டா தானா வரும். ஏறுடா."

கேபிள் என்ற சொல்லைக் கேட்டதும் வேலுமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெல்ட் துண்டுக்கு ஒரு திட்டு, ஒரு அடி, அதோடு விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான். தன் பெயர், டோக்கன் நம்பர், செக்‌ஷன் எல்லாம் இன்ஸ்பெக்டர் கேட்பதாகவும் தான் சொல்வதாகவும் மனசுக்குள் ஓடியது. வாயை மூடிக்கொண்டான்.

கூட வந்தவர்கள் பெல்ட்டைச் சுருட்டி ஜீப்பில் எறிந்தார்கள். தார்ப்பாயின் கயிறுகளை அறுத்தார்கள். தேங்கியிருந்த மழைத் தண்ணீர் சோற்றுப்பானைமேல் கொட்டி அடுப்பு அணைந்தது. இது கம்பெனி இடம், நாளைக்கு ஒரு கழி நிற்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் அமிர்தத்திடம் சொன்னார். தனகோடி கையிலிருந்த பிரேக் கேபிளை ஸ்கூட்டர் சீட்டின்மேல் பார்த்து வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் ஏறிச் சுருட்டிய பெல்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். ஜீப் முனகியது. மறுபடி திருப்பினார். முனகலும் நின்றுபோனது.

"என்னய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேட்டரி சார். மழையில எறங்கிப் போச்சு."

இன்ஸ்பெக்டர் வெளியே தலையை நீட்டி, நின்றவர்களைப் பார்த்தார். "நாலு பேரு வந்து தள்ளுங்கப்பா."

முதலில் பழனிவேல் போனான். அப்புறம் மற்ற இரண்டு பேர். இன்ஸ்பெக்டரின் கண் தன்மேல் வந்து நின்றதும் வேலுமணியும் போனான். ஜீப்பின் பின்கதவில் கையை வைத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் தனகோடியின் முழங்கால் இருந்தது. நிமிராமல் தள்ளினான். சக்கரம் சேற்றில் வழுக்கி, பிறகு ரோட்டில் ஏறி மெதுவாக உருண்டது. ஜீப் இரண்டு தடவை குலுங்கி நின்றது.

"ஃபர்ஸ்டு வேணாங்க" என்றார் தனகோடி, முன்னால் இருந்த டிரைவரைப் பார்த்து. "செகண்டுல போட்டு, வேகம் வந்தப்பறம் கிளட்ச்ச வுடுங்க." பிறகு தள்ளுகிறவர்கள் பக்கம் திரும்பினார். "இன்னும் கொஞ்சம் வேகமா சார்."

வேகமாகத் தள்ளினார்கள். நான்கு பேரின் பூட்ஸும் தார் ரோட்டில் தடதடத்தன. எஞ்சின் ஒருமுறை இருமியது.

"சார்" என்றார் தனகோடி.

வேலுமணி நிமிர்ந்தான். முகம் அத்தனை பக்கத்தில் இருந்தது.

"ஒங்க வண்டியில பின்னாடி பிரேக்கு கேபிள் இன்னும் கட்டல. முன்னாடி மட்டும் நம்பி ஏறிடாதீங்க, ரோடெல்லாம் ஈரம். தள்ளிக்கினே போங்க."

எஞ்சின் பிடித்துக்கொண்டு ஜீப் கையை விட்டுப் பாய்ந்தது. தள்ளிய வேகத்தில் வேலுமணி இரண்டு எட்டுத் தடுமாறி, நீட்டிய கைகளோடு ரோட்டு நடுவில் நின்றான். ஜீப் சுரங்க ரோட்டில் திரும்பி மறைந்தது.

பழனிவேல் மூச்சு வாங்கியபடி உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "நல்ல மெக்கானிக்கு. இனிமே பஜாருக்குத்தான் போவணும். வேற என்ன பண்றது?"

அமிர்தம் சேற்றில் குந்தி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். வேலுமணி வந்து நின்றபோதும் தலையைத் தூக்கவில்லை. அவன் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். ஏறவில்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தான்.